வாதி அல்-ஹிதான்: பாலைவனத்துத் திமிங்கலங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாதி அல்-ஹிதான் எங்கே இருக்கிறது?

எகிப்தில். கெய்ரோவுக்குத் தென்மேற்கே சுமார் 150 கிலோமீட்டர் தூரத்தில், ஃபயூம் மாகாணத்தின் மேலைப் பாலைவனத்தில் இருக்கிறது. வாதி அல்-ராயான் என்ற பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் அடங்கிய பள்ளத்தாக்கு இது. திமிங்கலங்களின் பள்ளத்தாக்கு என்றே அந்தப் பெயருக்கு அர்த்தம். 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பிரமிடு, கோயில், மடாலயம் என்று எகிப்திலிருந்து ஏற்கெனவே அந்தப் பட்டியலில் இருந்தவை எல்லாம் மனிதர்கள் கட்டியவை. இயற்கைக்காகச் சேர்க்கப்பட்டது இந்தப் பள்ளத்தாக்குதான்.

பாலைவனத்துக்குத் திமிங்கலம் எப்படி வந்தது?

வரவே இல்லை. பலர் மனத்தில் ஒரு படம் இருக்கிறது: கடல் வற்றுகிறது, திமிங்கலங்கள் சேற்றில் சிக்கித் துடிக்கின்றன, மேலே வெயில் கொளுத்துகிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. இந்தத் திமிங்கலங்கள் கடலில் வாழ்ந்து, கடலிலேயே செத்து, கடலின் அடித்தரையில் புதைந்தவை.

சுமார் 3.7 கோடி ஆண்டுகளுக்கு முன், புவியியலாளர்கள் இயோசீன் என்று சொல்லும் காலத்தின் பிற்பகுதியில், வட எகிப்து முழுவதும் தண்ணீருக்கடியில் இருந்தது. ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பா, ஆசியாவுக்கும் இடையில் டெதிஸ் என்ற பெரிய கடல் விரிந்து கிடந்தது. இன்றைய மத்தியதரைக் கடல் அதில் மிஞ்சிய ஒரு பகுதி. ஃபயூம் அந்தக் கடலின் தென்கரையோரம், ஆழம் குறைந்த பகுதி. செத்த திமிங்கலம் அடியில் போய்க் கிடந்தது, மணலும் வண்டலும் மேலே படிந்தன, எலும்பு மெல்ல மெல்லக் கல்லானது.

அப்புறம் ஆப்பிரிக்கக் கண்டத்தட்டு வடக்கே நகர நகர, நிலம் உயர்ந்தது, கரையும் வடக்கே தள்ளிப் போனது. சகாரா பாலைவனமானது அதற்கும் கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வரைகூட சகாராவில் ஏரியும் புல்வெளியும் இருந்த காலங்கள் உண்டு. திமிங்கலம் செத்ததற்கும் பாலைவனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பாலைவனம் செய்ததெல்லாம் அவற்றை நம் கண்ணுக்குக் காட்டியது மட்டுமே.

அப்படியென்றால் திமிங்கலப் புதைபடிவங்கள் ஏன் பாலைவனங்களிலேயே அதிகம் கிடைக்கின்றன?

எகிப்தின் ஃபயூம், பாகிஸ்தானின் பலூசிஸ்தான், குஜராத்தின் கட்ச், பெருவின் இக்கா, சிலியின் அட்டகாமா. எல்லாமே வறண்ட பூமி. காரணம் எளிது. பழைய கடல்படிவுப் பாறை உலகில் எத்தனையோ இடங்களில் இருக்கிறது. ஆனால் மழை பெய்யும் ஊரில் அந்தப் பாறைமேல் மண் இருக்கும், மண்மேல் காடோ வயலோ வீடோ இருக்கும். அடியில் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மேலே வந்த எலும்பையும் ஈரமும் வேர்களும் சீக்கிரம் சிதைத்துவிடும்.

பாலைவனத்தில் அந்தப் போர்வை இல்லை. காற்று மென்மையான மணற்கல்லை அரித்துக்கொண்டே போகிறது, கெட்டியான எலும்பு மிஞ்சி மேலே தெரிகிறது. வாதி அல்-ஹிதானில் சில இடங்களில் முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக, உயிரோடு இருந்தபோது இருந்த அதே வரிசையில், தரையில் கிடக்கின்றன.

இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திமிங்கலங்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது, பாறை திறந்து கிடக்கும் இடங்களைப் பொறுத்துதான் அமைந்திருக்கிறது. வரைபடத்தில் புள்ளி இல்லாத இடத்தில் திமிங்கலமே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பசுமையான ஊர்களிலும் கிடைத்ததுண்டு. அமெரிக்காவின் அலபாமா, லூசியானா பகுதிகளில் இதே குடும்பத்துத் திமிங்கல எலும்புகளைப் பண்ணை நிலங்களில் 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டெடுத்திருக்கிறார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கில் இருப்பவை என்னென்ன திமிங்கலங்கள்?

முக்கியமாக இரண்டு. ஒன்று பாசிலோசாரஸ் ஐசிஸ். 15 முதல் 18 மீட்டர் நீளம், பாம்பு போன்ற நீண்ட உடல். இன்னொன்று டோருடான் அட்ராக்ஸ். சுமார் 5 மீட்டர், டால்பினை நினைவுபடுத்தும் உடல்வாகு. இங்கே கிடைத்த சிறிய எலும்புக்கூடுகளை முன்பு பாசிலோசாரஸின் குட்டிகள் என்று நினைத்தார்கள். பிறகு டோருடானின் பால்பல் விழாத குட்டிகளே தனியாகக் கிடைத்தபோது இரண்டும் வேறுவேறு இனங்கள் என்பது தெளிவானது.

திமிங்கலங்களோடு கடற்பசு, சுறா, திருக்கை, ஆமை, முதலை எல்லாம் கிடைத்திருக்கின்றன. அலையாத்தி மரங்களின் வேர்களும் கல்லாகி நிற்கின்றன. கரை எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதற்கு அந்த வேர்களே சாட்சி.

முதலில் கண்டுபிடித்தவர் யார்?

எகிப்தின் நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஹியூ பீட்னெல் 1902-03 குளிர்காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் திமிங்கல எலும்புகளைப் பார்த்தார். 1904-இல் சார்லஸ் ஆண்ட்ரூஸ் அவற்றைப் பற்றி எழுதினார். அப்புறம் பல பத்தாண்டுகள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. போய்ச் சேர்வதே அவ்வளவு கடினமான இடம். 1983 முதல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பிலிப் ஜிஞ்சரிச் எகிப்தியர்களோடு சேர்ந்து தொடர்ந்து அங்கே வேலை செய்த பிறகுதான் இடத்தின் அருமை உலகத்துக்குத் தெரிந்தது. நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகளை அவர்கள் வரைபடத்தில் குறித்தார்கள்.

பாசிலோசாரஸின் கதை அதற்கும் முந்தியது. அமெரிக்காவில் கிடைத்த எலும்புகளைப் பார்த்த ரிச்சர்ட் ஹார்லன், அது ஏதோ ராட்சத ஊர்வன என்று முடிவு செய்து 1834-இல் ‘பல்லிகளின் அரசன்’ என்ற பொருளில் பெயர் வைத்துவிட்டார். 1839-இல் ரிச்சர்ட் ஓவன் பல்லைப் பார்த்தார். இரண்டு வேர்கள் கொண்ட கடைவாய்ப் பல் ஊர்வனவற்றுக்குக் கிடையாது, எனவே இது பாலூட்டி என்று நிறுவினார். ஆனால் முதலில் வைத்த பெயரே நிலைக்கும் என்பது உயிரியல் பெயரிடலின் விதி. அதனால் இன்றும் அதே பெயர். 1845-இல் ஆல்பர்ட் காக் என்பவர் பல விலங்குகளின் எலும்புகளைக் கோத்து 114 அடி நீளக் கடற்பாம்பு என்று சொல்லி நியூயார்க்கில் காசு வாங்கிக் காட்டினார். அதுவும் பெரும்பாலும் பாசிலோசாரஸ் எலும்புதான்.

பின்னங்கால் கொண்ட திமிங்கலம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்தப் பள்ளத்தாக்கு உலகப் புகழ் பெற்றதற்கு அதுவே முதல் காரணம்.

பாசிலோசாரஸுக்கு இடுப்பெலும்பு எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதே நெடுங்காலம் தெரியவில்லை. உடல் அவ்வளவு நீளம், வாலும் நீளம். 1989-இல் ஜிஞ்சரிச், ஹாலி ஸ்மித், எல்வின் சைமன்ஸ் குழு முதுகெலும்பு வரிசையை எண்ணிக்கொண்டு போய், வாலின் பக்கமாக வெகுதூரம் தள்ளி ஓர் இடத்தில் தேடியது. தொடையெலும்பு, முழங்கால் சில்லு, கணுக்கால் எலும்புகள், கடைசியில் விரல்கள் என்று ஒவ்வொன்றாகக் கிடைத்தன. 1990-இல் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வெளியானது.

காலின் மொத்த நீளம் அரை மீட்டரை ஒட்டித்தான். 15 மீட்டருக்கு மேல் நீளமான உடலுக்கு அந்தக் கால் எதைத் தாங்கும்? இடுப்பெலும்பு முதுகெலும்போடு இணைந்திருக்கவும் இல்லை. நடக்க வழியே இல்லை. ஆனாலும் முழங்கால் மடங்கும், மூன்று விரல்களும் இருக்கின்றன. இணைசேரும்போது பிடித்துக்கொள்ள உதவியிருக்கலாம் என்று கண்டுபிடித்தவர்களே ஒரு யோசனை சொன்னார்கள். அது யோசனைதான், நிரூபணம் அல்ல.

இன்றைய திமிங்கலங்களிலும் உடலுக்குள்ளே சிறிய இடுப்பெலும்பு இருக்கிறது. இனப்பெருக்க உறுப்பின் தசைகள் அதில்தான் பற்றியிருக்கின்றன. டால்பின் கருவில் ஆரம்ப வாரங்களில் பின்னங்கால் மொட்டு தோன்றி, வளராமல் நின்று மறைந்துவிடுகிறது. பள்ளத்தாக்கில் கல்லாகக் கிடக்கும் அதே வரலாறு, ஒவ்வொரு டால்பின் குட்டியின் கருவிலும் கொஞ்ச நேரம் தலைகாட்டிப் போகிறது. இந்த ஒரு விஷயத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

திமிங்கலத்தின் முன்னோர் உண்மையிலேயே நிலத்தில் நடந்தனவா?

ஆம். அதற்கான எலும்புகள் பெரும்பாலும் இந்தியத் துணைக்கண்டத்தில் கிடைத்தவை.

வட பாகிஸ்தானில் கிடைத்த பாகிசீடஸுக்கு 1981-இல் பெயர் வைத்தார்கள். வயது ஏறத்தாழ 5 கோடி ஆண்டு. ஓநாய் அளவு உடல், நீளமான நான்கு கால்கள். பார்த்தால் யாரும் திமிங்கலம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் காதைச் சுற்றியுள்ள எலும்பின் ஒரு விளிம்பு தடித்துக் கெட்டியாக இருக்கிறது. இன்றைய திமிங்கலங்கள், டால்பின்கள் எல்லாவற்றிலும் அந்த அமைப்பு உண்டு. அந்தக் காதெலும்பை வைத்தே அதைத் திமிங்கல வம்சத்தில் சேர்த்தார்கள்.

1994-இல் ஹான்ஸ் தெவிசன் குழு அறிவித்த ஆம்புலோசீடஸ் அடுத்தது. முதலையைப் போலக் கரையோரத் தண்ணீரில் பதுங்கியிருந்து இரை பிடித்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. பெரிய பாதங்கள், வலுவான வால். கரையிலும் நகரும், நீரிலும் நீந்தும். அதற்கடுத்த குழுவில் ரோடோசீடஸ், மயாசீடஸ் போன்றவை வருகின்றன. சுமார் 4.7 கோடி ஆண்டுகள் பழமையானவை. 2009-இல் விவரிக்கப்பட்ட மயாசீடஸ் எலும்புக்கூடு ஒன்றுக்குள் கருவில் இருந்த குட்டி என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்ட எலும்புகள் இருந்தன. தலை முதலில் வெளியே வரும் நிலையில் அந்தக் குட்டி கிடந்தது. நீரில் பிறக்கும் டால்பின்களுக்கு வால் முதலில் வருவதே வழக்கம், நிலத்தில் ஈனும் பாலூட்டிகளுக்குத் தலை முதலில். ஆகவே மயாசீடஸ் கடலில் மேய்ந்தாலும் குட்டி போடக் கரைக்கு ஏறியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அதன் பிறகுதான் நம் பாசிலோசாரஸும் டோருடானும். கரைக்குத் திரும்பவே முடியாத, முழுக்க முழுக்கக் கடலுக்கான உடல்கள்.

ஒரு எச்சரிக்கை. பாகிசீடஸ் பெற்ற பிள்ளை ஆம்புலோசீடஸ், அது பெற்றது ரோடோசீடஸ் என்று இதை வரிசையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாடப்புத்தகப் படங்கள் அப்படி ஓர் எண்ணத்தைத் தந்துவிடுகின்றன. இவை ஒரே குடும்பத்தின் வெவ்வேறு கிளைகள். சில ஒரே காலத்தில் வாழ்ந்தவை. பல கிளைகள் வாரிசில்லாமல் அழிந்துவிட்டன.

ஓநாய் போன்ற புலால் உண்ணியிலிருந்து திமிங்கலம் வந்தது என்று படித்தேனே?

பழைய கருத்து. மெசோனிக்கிட் என்ற, குளம்பு கொண்ட புலால் உண்ணிகளின் பற்கள் ஆதித் திமிங்கலப் பற்களைப் போலவே இருந்ததால் நெடுங்காலம் அப்படி நம்பினார்கள். 1990-களில் மரபணு ஒப்பீடுகள் வேறு கதை சொல்லின: உயிரோடு இருக்கும் விலங்குகளில் திமிங்கலத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை. எலும்பு ஆய்வாளர்கள் பலர் முதலில் ஏற்கவில்லை. 2001-இல் ரோடோசீடஸ், பாகிசீடஸ் ஆகியவற்றின் கணுக்கால் எலும்புகள் வெளியாயின. மேலும் கீழும் உருளை போன்ற இரட்டை அமைப்பு கொண்ட எலும்பு அது. ஆடு, மாடு, மான், பன்றி, நீர்யானை என்ற இரட்டைக் குளம்பு விலங்குகளுக்கே உரியது. வாதம் அதோடு ஓய்ந்தது. பாகிஸ்தானின் பாறையும் ஆய்வகத்தின் மரபணுவும் தனித்தனி வழியில் போய் ஒரே இடத்தில் வந்து நின்றன.

நீர்யானை திமிங்கலத்தின் மூதாதை அல்ல, சரியா? இரண்டுக்கும் பொதுவான ஒரு முன்னோர் இருந்தது, அவ்வளவுதான்.

இந்தியாவில் என்ன கிடைத்திருக்கிறது?

நிறைய. கட்ச்சின் வறண்ட ஓடைக்கரைகளில் 1970-களில் அசோக் சாஹ்னியும் வி. பி. மிஸ்ராவும் ஆதித் திமிங்கலங்களை அடையாளம் கண்டார்கள். பின்னர் சுனில் பாஜ்பாய் தெவிசனோடு சேர்ந்து அந்த வேலையைத் தொடர்ந்தார். ரெமிங்டனோசீடஸ் என்ற நீண்ட மூக்குக் கொண்ட இனமும், அதன் சிறிய உறவான கச்சிசீடஸும் அங்கே கிடைத்தவை.

ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியிலிருந்து வந்தது இன்னும் முக்கியமானது. இந்திய நிலவியலாளர் ஏ. ரங்கா ராவ் அங்கிருந்து பாறைகளைச் சேகரித்து, 1971-இல் இண்டோஹையஸ் என்ற சிறிய குளம்பு விலங்குக்குப் பெயர் வைத்தார். மீதிப் பாறைகள் உடைக்கப்படாமலே கிடந்தன. அவர் இறந்த பிறகு அவை தெவிசனிடம் வந்தன. மண்டையோடு ஒன்றைச் சுத்தம் செய்தபோது காதெலும்பு உடைந்து வெளிப்பட்டது. உள்ளே பாகிசீடஸில் பார்த்த அதே தடித்த விளிம்பு! 2007-இல் ‘நேச்சர்’ இதழில் அது வெளியானது. பூனை அளவே உள்ள, மான் போன்ற அந்தப் பிராணிதான் திமிங்கலங்களுக்கு மிக நெருங்கிய நிலவாழ் உறவு என்பது அந்த ஆய்வின் முடிவு. ரங்கா ராவின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அரியலூரிலும் கடல் படிவம் இருக்கிறதே, அங்கே திமிங்கலம் கிடைக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். அந்தப் புகழ்பெற்ற படிவங்கள் டைனோசர் காலத்துக் கடலைச் சேர்ந்தவை. திமிங்கலம் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முந்தியவை. அவற்றில் கிடைக்காது.

பாசிலோசாரஸ் எதைத் தின்றது?

டோருடானை. குட்டி டோருடான்களின் மண்டையோடுகளில் பெரிய பல் பதிந்த தடங்கள் இருப்பதை முன்பே கவனித்திருந்தார்கள். 2019-இல் வெளியான ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. பாசிலோசாரஸ் ஒன்றின் வயிற்றுப் பகுதியில், கடிபட்ட குட்டி டோருடான் எலும்புகளும் பெரிய மீன்களின் எச்சங்களும் சேர்ந்து கிடந்தன. டோருடான்கள் குட்டி போட இந்த ஆழமற்ற கடலுக்கு வந்தன, அவற்றைத் தேடிப் பாசிலோசாரஸ் வந்தது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

வயதை எப்படிக் கணிக்கிறார்கள்? கார்பன் முறையா?

இல்லை. கார்பன் முறை சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்யாது. பாறை அடுக்கில் உள்ள நுண்ணுயிர்களின் ஓடுகள், பாறையில் பதிந்துள்ள பூமியின் காந்தத் திசைமாற்றங்கள், அடுக்குகளின் வரிசை ஆகியவற்றை உலகின் பிற இடங்களில் வயது தெரிந்த அடுக்குகளோடு பொருத்திப் பார்த்துத்தான் கணிக்கிறார்கள்.

தென் அமெரிக்கப் பாலைவனங்களிலும் இதே திமிங்கலங்களா?

இல்லை, சிலியில் கிடைத்தவை மிகவும் பிந்தியவை. அட்டகாமாவில் கால்டெரா நகருக்குப் பக்கத்தில் 2010-இல் நெடுஞ்சாலையை அகலப்படுத்தும்போது ஒரே இடத்தில் 40-க்கும் மேற்பட்ட கடல் பாலூட்டிகளின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பெரும்பாலும் பலீன் திமிங்கலங்கள், அதாவது பல்லுக்குப் பதில் வாயில் சல்லடை போன்ற தகடுகள் கொண்டவை. 60 முதல் 90 லட்சம் ஆண்டுகள் பழமை. சாலை வேலை நிற்காது என்பதால் நிக்கோலஸ் பயென்சனும் சிலி ஆய்வாளர்களும் எலும்புகளை லேசர் கருவியால் முப்பரிமாணமாகப் பதிவு செய்துகொண்டார்கள்.

அத்தனையும் ஒரே நாளில் சாகவில்லை. நான்கு வெவ்வேறு அடுக்குகளில், நான்கு முறை அதே சம்பவம் நடந்திருக்கிறது. பல எலும்புக்கூடுகள் மல்லாந்து, ஒரே திசையில் கிடந்தன. கடலில் செத்து, மிதந்து, கரைக்கு ஒதுங்கியவை என்பதற்கு அது அடையாளம். ஆண்டிஸ் மலையிலிருந்து வரும் இரும்புச்சத்தால் பெருகிய நச்சுப்பாசியே காரணமாக இருக்கும் என்று 2014-இல் எழுதினார்கள்.

பெருவின் இக்கா பாலைவனத்தில் பழையவையும் உண்டு. 2019-இல் அறிவிக்கப்பட்ட பெரிகோசீடஸ் நான்கு கால்களோடு பசிபிக் வரை போய்ச் சேர்ந்த திமிங்கலம், சுமார் 4.26 கோடி ஆண்டு பழமை. 2023-இல் வந்த பெரூசீடஸ் நீலத் திமிங்கலத்தைவிட எடை மிகுந்திருக்கலாம் என்று செய்திகள் பரபரத்தன. மறு ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அந்த எடையை வெகுவாகக் குறைத்துக் கணக்கிட்டார்கள். தலை கிடைக்காத ஒரு விலங்கின் எடையைப் பற்றி இவ்வளவு உறுதியாகத் தலைப்புப் போட்டிருக்க வேண்டாம்.

எகிப்தில் இன்னும் புதிதாக ஏதாவது கிடைக்கிறதா?

கிடைக்கிறது. அதைச் செய்பவர்கள் இப்போது எகிப்தியர்களே. மன்சூரா பல்கலைக்கழகத்தில் ஹிஷாம் சல்லாம் உருவாக்கிய குழு 2021-இல் ஃபயோமிசீடஸ் அனூபிஸ் என்ற நான்கு கால் திமிங்கலத்தை அறிவித்தது. 4.3 கோடி ஆண்டு, 3 மீட்டர் நீளம். 2023-இல் டூட்சீடஸ் ராயானென்சிஸ். 4.1 கோடி ஆண்டு, நீளம் வெறும் 2.5 மீட்டர். பாசிலோசாரஸ் குடும்பத்திலேயே மிகச் சிறியது. இளம் வயதில் இறந்த மன்னன் துட்டன்காமூனை நினைத்து வைத்த பெயர் அது. அந்தத் திமிங்கலமும் முழு வளர்ச்சியை நெருங்கும் வயதில் செத்துப்போனதுதான்.

நேரில் பார்க்க முடியுமா?

முடியும். கெய்ரோவிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம், வாதி அல்-ராயான் வழியாகப் போக வேண்டும். எலும்புக்கூடுகள் கிடந்த இடத்திலேயே விடப்பட்டிருக்கின்றன. நடைபாதை அவற்றை ஒட்டியே போகிறது, அதில் நடந்துதான் பார்க்க வேண்டும். 2016-இல் திறந்த அருங்காட்சியகம் ஒன்றும் அங்கேயே, மணல் நிறத்தில், தரையோடு தரையாக இருக்கிறது. நடுவில் 18 மீட்டர் பாசிலோசாரஸ் எலும்புக்கூடு. முதலில் அதைப் பார்த்துவிட்டு வெளியே நடந்தால், தரையில் கிடக்கும் எலும்பு உடலின் எந்தப் பகுதி என்று புரியும். குளிர்கால மாதங்களில் போங்கள், தண்ணீரைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். நடைபாதையில் நிழல் மிகக் குறைவு.